வண்டிக்குப் பின்னால் நின்ற மனிதன்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதி, ஒட்டுசுட்டானைக் கடந்து, காடும் வயலும் மாறிமாறித் தோன்றக் கிழக்கே ஓடி, கடலை அணுகுவதற்குச் சற்று முன்னர் முள்ளியவளையை வந்தடைகின்றது. அவ்வீதியிலிருந்து இருமருங்கும் பிரியும் ஒழுங்கைகள் பழையவை. மாட்டுவண்டி ஒன்று போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் ஏதாவதொன்று வேலியோரம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற கணக்கில் அமைந்தவை. இன்று இவ்வொழுங்கைகளுள் இரண்டரைத் தொன் எடையுள்ள சொகுசு ஜீப்புகள் நுழைகின்றன. திட்டமொன்றைப் பார்வையிட வரும் உயர் அதிகாரி, வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர், கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்து வண்டியை வாடகைக்குப் பிடித்த உறவினர் எனப் பலர் அவற்றில் வருகின்றனர். வந்த வண்டி திரும்புவதற்கு இடமில்லை. வந்த வழியே பின்னோக்கித்தான் வெளியேற வேண்டும். அப்போது சாரதியின் முன்னே ஒரு கருவி 'பீப், பீப்' என்று ஒலிக்கின்றது. பின்னால் ஏதோ இருக்கின்றது என்று அது அவருக்குச் சொல்கின்றது. இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது இந்தச் சிற்றொலியின் வரலாற்றை.

இலக்கிய ஏட்டில் மோட்டார் உதிரிப்பாகத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எனினும், கவனம் என்பதும் ஓர் உழைப்பு என்பதை நாம் மறந்துவிடலாகாது. வண்டி ஒன்று நகரும்போது அதைச் சுற்றி நிற்கும் உயிர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எக்காலத்திலும் யாரோ ஒருவர் செய்தே வந்திருக்கின்றனர். அந்த வேலையைச் செய்தவர் யார்? அவருக்குக் கூலி கிடைத்ததா? அவர் யாருக்காகப் பார்த்தார்? இக்கேள்விகளைக் கேட்கத் தொடங்கியதுமே உதிரிப்பாகத்தின் வரலாறு சமுதாய வரலாறாகிவிடுகின்றது.

வன்னியின் பழைய வாகனம் மாட்டுவண்டி. நெல்லும் மரமும் கருவாடும் உப்பும் அதிலேயே போயின. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் குடும்பம் குடும்பமாகக் கூடாரவண்டி கட்டி வந்த கதையை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். வண்டிக்காரனின் கையில் நாணயக்கயிறும் துவரங்கேட்டியும் இருந்தன. அச்சின் கீழே அரிக்கன் லாம்பு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த விளக்கு அவனுக்கு வழிகாட்டவென்று கட்டப்பட்டதன்று. எதிரே வருபவனுக்கும் பின்னே வருபவனுக்கும் 'இங்கே வண்டி ஒன்று போகின்றது' என்று அறிவிக்கவே அது தொங்கியது. இந்தச் சிறு விவரத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

நள்ளிரவில் வண்டிக்காரன் கண்ணயர்ந்துவிடுவதும் உண்டு. மாடுகள் பழகிய தடத்தில் நடந்துகொண்டேயிருக்கும். வழியில் மரம் விழுந்து கிடந்தால் அவை நின்றுவிடும். மோதினால் நோவது தன் உடலே என்பது மாட்டுக்குத் தெரியும். சாரதிக்கு உதவும் கருவிகளைப் புதிய யுகத்தின் அற்புதமாகப் பேசுவோர், எங்கள் ஊர் வண்டிக்காரன் அந்த வசதியை எருதின் கழுத்தில் கட்டி வைத்திருந்தான் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். ஆனால் பின்னோக்கிச் செல்வதில் மாடு உதவாது. வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டுமாயின் வண்டிக்காரன் இறங்கியாக வேண்டும். நுகத்தைப் பிடித்து மாடுகளைப் பின்தள்ளியோ, மாடுகளை அவிழ்த்துவிட்டு நாலுபேரைக் கூப்பிட்டுச் சில்லைப் பிடித்து உருட்டியோதான் காரியம் ஆகும். எவ்வழியிலும் அவனுடைய கால்கள் தரையில் நின்றன. சில்லுக்குப் பக்கத்தில் நின்றவர் முகம் அவன் முகத்துக்கு நேரே இருந்தது.

லொறி வந்தபோது இந்த நிலை மாறியது. சாரதி உயரத்தில் ஏறி உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னே மூட்டைகளோ மரக்குற்றிகளோ மலைபோல எழுந்தன. பின்புறத்தை அவர் காண வழியில்லை. ஆகவே இரண்டாவது மனிதன் ஒருவன் தேவைப்பட்டான். அவனே கிளீனர். பெரும்பாலும் பதின்வயதைத் தாண்டாத பொடியன். பள்ளிக்கூடம் விட்டவன். சாரதிக்கு அனுமதிப்பத்திரம் உண்டு, அவனுக்கு எதுவுமில்லை. ஏற்றத்தில் லொறி நின்றால் சில்லுக்கு முட்டுக்கட்டை வைப்பவன் அவன். லொறியைக் கழுவுபவன் அவன். பின்னோக்கி எடுக்கும்போது குதித்திறங்கிப் பின்னால் ஓடி, பலகையில் கையால் தட்டித் தட்டி, 'வரட்டும்… வரட்டும்… ஒடி… நேராக்கு… காணும்!' என்று குரல் கொடுப்பவனும் அவனே. பலகையில் விழும் தட்டலின் வேகத்தைக் கொண்டே சாரதி தூரத்தை அறிந்தார். தட்டல் நின்றால் கால் தடைக்கட்டையில் இருக்கும். 1958 சனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபோது, பஸ்ஸுக்குப் பின்னால் நின்று இதே வேலையைச் செய்த நடத்துநர் சம்பளமும் சங்கமும் உடைய அரசாங்கத் தொழிலாளியானார். லொறிக் கிளீனருக்கு அந்த வாழ்வு வரவில்லை.

அந்தக் குரல் இரண்டு பக்கமும் கேட்டது என்பதே இதில் முக்கியமானது. சாரதிக்கு 'வரட்டும்' என்ற அதே வாயால் அவன் பின்னால் நின்ற பிள்ளையை 'அங்கால போ' என்றும் விரட்டினான். கிழவியின் கையைப் பிடித்து வேலியோரம் விட்டான். வண்டிக்கும் வீதிக்கும் நடுவே நின்ற அவன் இரு தரப்புக்கும் பொதுவானவன்.

1990 இன் பின் வன்னியின் வீதி வரலாறு உலகின் வேறெந்த வீதி வரலாற்றோடும் ஒப்பிட முடியாத ஒரு திருப்பத்தை எடுத்தது. யுத்தப் பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் டீசலும் அருகின. பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின; இயக்கித் தொடங்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். கைவிளக்குக்குப் போடும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களுக்கு, யப்பானியக் கார்கள் பின்னால் இருப்பதைத் தாமே உணர்ந்து சொல்லத் தொடங்கி ஏறக்குறைய பத்தாண்டாகிவிட்ட செய்தி எட்டியிருக்க நியாயமில்லை. வீதியில் சைக்கிளே அரசன். அடுத்த இடம் உழவு இயந்திரத்துக்கு. 1995 இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களிற் பெருந்தொகையினர் பின்னர் வன்னிக்கு வந்தபோதும், 2008 இன் பிற்பகுதியிலும் 2009 இன் தொடக்கத்திலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஊர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பியபோதும், குடும்பங்களைச் சுமந்தது உழவு இயந்திரத்தின் பெட்டியே. கூரைத் தகரம், கதவுநிலை, நெல்மூட்டை, அதன்மேல் கோழிக்கூடு, அதற்கும் மேலே பிள்ளைகள்.

பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தைப் பின்னோக்கி எடுப்பது ஒரு கலை. பெட்டி இடப்பக்கம் போக வேண்டுமாயின் கைப்பிடியை வலப்பக்கம் திருப்ப வேண்டும்; சற்றே கூடினால் பெட்டி மடிந்துவிடும். நெருக்கமான இடம்பெயர்வுக் கூட்டத்தினிடையே இதைச் செய்வதற்குப் பின்னால் நிற்கும் மனிதரின் குரலைத் தவிர வேறு துணையில்லை. அந்நாட்களில் அந்தக் குரலுக்கு ஆள் தேடவும் வேண்டியிருக்கவில்லை. வீதியில் நின்றவர் எல்லோரும் கிளீனர்களாயினர். 2009 மே மாதத்தின் பின் முள்ளிவாய்க்கால் வெளியில் துருவேறிக் குவிந்து கிடந்த பஸ்கள், உழவு இயந்திரங்கள், சைக்கிள்களின் படங்களை உலகம் பார்த்தது. அக்குவியலைப் பழைய இரும்பென்று பார்த்தவர்கள் உண்டு. ஒரு சமுதாயத்தின் போக்குவரத்து முழுவதும் அங்கே கிடந்தது.

இனி, சொகுசு ஜீப்பின் பக்கம் வருவோம். அதன் பூர்வீகம் சொகுசுடையதன்று. 1948 ஏப்பிரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லாண்ட் ரோவர், வயலில் உழவும் இழுக்கவும் பயன்படும் விவசாயியின் வண்டியாகவே உருவாக்கப்பட்டது. 1951 இல் ரொயோட்டா நிறுவனம் கொரிய யுத்தச் சூழலில் அமெரிக்க ஜீப்பைப் பின்பற்றிச் செய்த வண்டியே 1954 இல் லாண்ட் குரூசர் எனப் பெயர் பெற்றது. 1970 இல் ரேஞ்ச் ரோவர் வந்தபின் சேற்று வண்டிக்குள் மெத்தை புகுந்தது. 1975 இல் ஐக்கிய அமெரிக்கா எரிபொருட் சிக்கனச் சட்டம் இயற்றியபோது, இத்தகைய வண்டிகள் கார் என்றில்லாமல் 'இலகு பாரவூர்தி' என வகுக்கப்பட்டு இளக்கமான விதிக்கு உட்பட்டன. கம்பனிகள் அந்த வாசலைக் கண்டுகொண்டன. எஸ்.யூ.வி. என்று இன்று உலகெங்கும் விற்கப்படும் பெரும் வண்டியின் பெருக்கத்துக்கு அந்த வாசல் ஒரு முக்கிய காரணம்.

தென்னிலங்கையில் 1990களில் பஜிரோ என்ற சொல் ஒரு வாகனத்தின் பெயராக இருந்ததைவிட ஒரு அரசியல் வர்க்கத்தின் பெயராகவே வழங்கியது. வன்னிக்குப் பெரிய ஜீப்புகள் வேறு வழியாக வந்தன. 2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னரும், 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்த பின்னரும், நெடிய வானொலிக் கம்பி ஆட, கதவில் சின்னம் பொறித்த வெள்ளை வண்டிகள் வரிசையாக வந்தன. நன்மை செய்ய வந்தவை என்பதை நாம் மறுக்கவில்லை. 2008 செப்டெம்பர் 16 அன்று ஐக்கிய நாடுகளின் வாகன அணி கிளிநொச்சியை விட்டு வெளியேறியதையும் மறக்க முடியாது. அன்று அவ்வண்டிகளின் பின்னால் நின்ற மக்களை எந்தக் கருவியாலும் உணர்ந்திருக்க முடியவில்லை. யுத்தத்தின் பின் காபெற் வீதிகள் வந்தன. வீதி வழுவழுப்பானதும் வேகம் வந்தது. இரவிலே சூடு ஆறாத தாரின்மேல் படுத்துறங்கும் மாடுகள் மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை.

அந்தப் 'பீப்' ஒலி எங்கே பிறந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய அறிஞர் ஸ்பலன்சானி, கண் மறைக்கப்பட்ட வௌவால் தடையின்றிப் பறப்பதையும் செவி அடைக்கப்பட்ட வௌவால் முட்டி விழுவதையும் கண்டார். காரணம் அவருக்கு விளங்கவில்லை. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி அதன் எதிரொலியால் வௌவால் வழியறிகின்றது என்பது 1930களின் இறுதியிலேயே அமெரிக்கரான டொனால்ட் கிரிபினால் நிறுவப்பட்டது. அதற்கு முன்பே மனிதன் அந்த வித்தையைத் தன் கையால் செய்துவிட்டான். 1880 இல் பியேர் கியூரியும் அவர் தமையன் ஜாக்கும், சில படிகங்களை அழுத்தினால் மின் பிறக்கின்றது என்று கண்டறிந்தனர். பியேரின் மாணவரான பால் லாஞ்சவன், முதலாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளைக் கண்டறியும் பொருட்டு, ருஷ்யரான சிலோவ்ஸ்கியின் யோசனையை எடுத்துக்கொண்டு, குவாட்ஸ் படிகத்தை மின்னால் அதிரச் செய்து கடலுக்குள் கழியொலியைச் செலுத்தினார். ஒலிக்கற்றையின் வழியில் வந்த மீன்கள் செத்து மிதந்தன. நீருக்குள் கை வைத்தவருக்குக் கை நொந்தது.

லாஞ்சவனைப் பற்றி இன்னும் சிறிது சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பாசிசத்தை எதிர்த்து அணிதிரண்ட பிரெஞ்சு அறிஞர்களுள் அவர் முன்னணியில் நின்றவர். 1940 இல் நாஜிகள் பாரிசைப் பிடித்த சில மாதங்களில் அவரைச் சிறையிலிட்டனர். அவருடைய மருமகன் ஜாக் சொலமன் 1942 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். மகள் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பினார். 1944 இல் லாஞ்சவன் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1946 இல் அவர் மறைந்தார். இரண்டாண்டு கழித்துப் பிரான்சு அவருடைய உடலைப் பந்தேயோன் மண்டபத்தில் வைத்துக் கௌரவித்தது. கோடீஸ்வரரின் வண்டி மதிலில் உரசாமல் நிற்பதற்கு உதவும் கருவியின் மூதாதை இத்தகைய மனிதரின் ஆய்வுகூடத்தில் பிறந்தது. விஞ்ஞானம் யாருடைய கையில் பிறக்கின்றது என்பதும், யாருடைய வாசலில் போய் வேலை செய்கின்றது என்பதும் இரு வேறு கேள்விகள்.

இடையில் ஒரு நல்ல காலமும் உண்டு. 1960களில் லெஸ்லி கே என்ற பொறியியலாளர், கண்பார்வை இல்லாதவர் கையிற் பிடித்து முன்னே நீட்டினால் எதிரேயுள்ள தடையைச் செவிக்கு உணர்த்தும் கழியொலிக் கருவி ஒன்றை அமைத்தார். நடந்து செல்பவனுக்காகவே செய்யப்பட்ட கருவி அது! ஆனால் பெருஞ்சந்தை நடப்பவனைத் தேடிப் போகவில்லை. 1982 இல் ரொயோட்டா கொரோனாவில் பின்புறக் கழியொலி உணரி பொருத்தப்பட்டது. அடுத்த பத்தாண்டில் ஐரோப்பியப் பெருஞ்சொகுசு கார்களுக்கு அது பரவியது. யுத்தத்தில் பார்வையிழந்தோர் வன்னியில் பலர். அவர்கள் கையில் இன்றும் இருப்பது வெள்ளைக் கோல். ஜீப்பின் முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு உணரிகள் வரை இருக்கின்றன.

இந்தத் தரிப்பு உணரி வேலை செய்யும் விதம் எளியது. காப்புச் சட்டத்தில் பதித்த சிறு வில்லை, செக்கனுக்கு 40,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியைத் துடிப்புத் துடிப்பாக வெளிவிடும். நமது செவியின் எல்லை 20,000. தெருநாயின் செவிக்கு ஒருவேளை அது எட்டலாம், பிள்ளைக்கு எட்டாது. ஒலி சென்று பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுத் தூரம் அறியப்படும். இரண்டு மீற்றருக்கு அப்பால் நிற்கும் பொருளிலிருந்து எதிரொலி திரும்புவதற்குச் செக்கனின் நூறிலொரு பங்கே செல்லும். ஆனால் ஒலி விரைந்தென்ன? மனிதன் மெதுவானவன். மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் பின்னோக்கி வரும் வண்டி ஒரு செக்கனில் இரண்டு மீற்றருக்கு மேல் நகரும். ஒலியைக் கேட்டு, பொருளை உணர்ந்து, காலைத் தூக்கித் தடையை மிதிக்கச் சாரதிக்குக் குறைந்தது ஒரு செக்கனாவது வேண்டும். உணரியின் எட்டளவோ ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மீற்றர். கணக்குப் பாடம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம். கருவி சரியாக வேலை செய்தும் கால் தடையைத் தொடுமுன் காரியம் முடிந்துவிடுகின்றது.

மேலும், கழியொலி எல்லாவற்றையும் ஒன்றுபோல் அறிவதில்லை. மதிலை நன்றாக அறியும். இரும்புத் தூணை அறியும். இன்னொரு காரின் பளபளப்பான உடலை மிக நன்றாக அறியும். மெல்லிய கம்பியும், நிலத்தோடு ஒட்டிய பொருளும், சரிந்த பரப்பும் அதன் பிடிக்குத் தப்பும். துணி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். பந்தெடுக்கக் குனிந்த, பருத்திச் சட்டை போட்ட நான்கு வயதுப் பிள்ளையை அது அறியலாம், அறியாமலும் விடலாம். கம்பனிகள் இதை அறியாமலில்லை. தரிப்பதற்கு உதவும் கருவி இது, உயிர்காக்கும் கருவியன்று என்று அவர்களே சொல்லி வந்தனர். அக்கூற்றில் உண்மை இருக்கின்றது. வண்டியின் வர்ணத்தைக் காப்பதற்கென்று பிறந்த கருவி அது. பிள்ளையைக் காக்கும் பொறுப்பு பிற்காலத்தில் அதன் தலையில் ஏற்றப்பட்டது.

ஏற்றியவர்கள் யார்? பிள்ளையை இழந்த பெற்றோர். அமெரிக்காவில் 2002 இல் தந்தையே பின்னோக்கி ஓட்டிய பெரும் எஸ்.யூ.வி. வண்டியின் கீழ் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். அச்சிறுவனின் பெயரால் 2008 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 210 பேர் இவ்வாறு இறக்கின்றனர், 15,000 பேர் காயமடைகின்றனர் என்று அந்நாட்டு அரசே கணக்கிட்டது. இறந்தவர்களில் 31 சதவீதத்தினர் ஐந்து வயதுக்குட்பட்டோர், 26 சதவீதத்தினர் எழுபது வயதைக் கடந்தோர். ஆய்வின் முடிவில் உணரி மட்டும் போதாது, பின்புறம் காட்டும் கமரா வேண்டும் என்று தீர்மானித்தனர். மூன்றாண்டில் முடிய வேண்டிய விதி 2014 இல்தான் வெளிவந்தது. எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2018 மே மாதத்தில். தாமதத்துக்குக் காரணம், வண்டிக்கு ஏறத்தாழ 140 டொலர் செலவாகும் என்ற கணக்கு. இந்தியா 2019 யூலை முதலாந் திகதியிலிருந்து புதிய கார்களில் பின்புற உணரியைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 2022 முதல் 2024 வரை படிப்படியாக விதி நடைமுறைக்கு வந்தது.

கருவி ஒலித்தால் சாரதி நிற்பார் என்று நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவில் நடத்திய சோதனை ஒன்றில், எதிர்பாராத இடத்தில் தடையொன்றை வைத்து எச்சரிக்கையையும் ஒலிக்கச் செய்தபோது, சாரதிகளிற் பெரும்பாலோர் அதன்மேல் மோதினர். ஒலியைக் கேட்டனர், சிலர் வேகத்தைக் குறைத்தும் பார்த்தனர், பின்னால் எதுவும் இருக்க முடியாது என்று முன்னரே முடிவுகட்டியிருந்ததால் மேலே நகர்ந்தனர். நாள்தோறும் புல்லுக்கும் வேலிக்கும் ஒலித்துப் பழகிய கருவியை ஒருநாள் பிள்ளைக்காக ஒலிக்கும்போது யார் நம்புவார்? கிளீனர் 'காணும்!' என்று கத்தினால் சாரதி நிற்பார். அந்தக் குரலில் பயமா, வழக்கமான எச்சரிக்கையா என்பது அவருக்குத் தெரியும்.

பின்புறத்தைப் பற்றியே பேசினோம். முன்புறமும் குருடே. 2023 இல் அமெரிக்கக் காப்புறுதி ஆய்வு நிறுவனம் ஒன்று வெளியிட்ட ஆய்வின்படி, முகப்பின் உயரம் 40 அங்குலத்தைக் கடந்த வண்டி பாதசாரியை மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புடைய காரைவிட மரணம் நேரும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம். நாற்பது அங்குலம் என்பது நான்கு வயதுப் பிள்ளையின் உயரம். இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் மாள்கின்றனர். உலகில் வீதியில் மடிவோரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் நடந்தோ சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ சென்றவர்கள்.

முன்னே நாம் நினைவிலிருத்தச் சொன்ன அரிக்கன் லாம்பு இங்கே வருகின்றது. 1960களில் யப்பானிலே லொறிக்குப் பின்னோக்கு அபாய ஒலி பொருத்தப்பட்டது. நம் வீதிகளிலும் சிறு லொறிகளும் வான்களும் பின்னோக்கும்போது ஏதோ ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு வருவதைக் கேட்கிறோம். இரைச்சல்தான், எனினும் அது வெளியே நிற்பவனோடு பேசுகின்றது. சொகுசு ஜீப்பின் தரிப்பு உணரி உள்ளே இருப்பவனோடு மட்டும் பேசுகின்றது. கண்ணாடிகள் மூடியிருக்கும், குளிரூட்டி ஓடும், 'பீப்' ஒலி வெளியே கசியாது. யப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்கிய வண்டிகள் சிலவற்றில் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். சாரதிக்கே அது விளங்காது! ஷெல்லடியில் செவிப்புலன் குன்றிய ஒருவர் ஒழுங்கையில் நடந்து வந்தால், அவர்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளீனரின் வேலை இல்லாமற் போய்விடவில்லை. கூலியில்லாமல் அது பாதசாரியின் தோளுக்கு மாறியிருக்கின்றது.

இதற்காகச் சாரதியைப் பழிப்பது எளிது, நியாயமாகாது. பெரிய ஜீப்பின் சாரதி பெரும்பாலும் அதன் சொந்தக்காரர் அல்லர். விடியற்காலையில் கொழும்பில் புறப்பட்டு, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டி வந்து, பின்னிருக்கையில் இருப்பவர் கூட்டம் முடித்து வரும்வரை வெயிலில் காத்திருந்து, அன்றிரவே திரும்ப ஓட்டும் கூலியாள் அவர். 1948 இல் பிரித்தானிய உளவியலாளர் நோர்மன் மக்வர்த், ராடார்த் திரையைப் பார்த்திருக்கும் விமானப்படையினரின் நிலையை ஆராயும்பொருட்டு, கடிகாரமுள் போன்ற ஒன்றின் துள்ளலைக் கவனிக்கும் சோதனையை நடத்தினார். அரைமணி நேரத்திலேயே கவனம் தளர்ந்தது. கருவிகள் மிகுந்தால் இத்தளர்ச்சி குறையாது என்பதை 1983 இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற அறிஞர் தெளிவாக எடுத்துக்காட்டினார்: இயந்திரம் வேலையை ஏற்கும்போது மனிதனுக்கு எஞ்சுவது, என்றோ ஒருநாள் அது தவறும் கணத்துக்காக விழித்திருக்கும் வேலை. அதுவே மனிதனால் மிகக் கடினமாகச் செய்யக்கூடியது. முன்பு இருவர் பங்கிட்ட கவனத்தை இன்று களைத்த ஒருவர் சுமக்கின்றார். விபத்து நேர்ந்தால் நீதிமன்றத்தில் நிற்பவரும் அவரே. 'கெதியா எடு' என்று பின்னிருக்கையிலிருந்து பிறந்த கட்டளை வழக்கேட்டில் பதிவாவதில்லை.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டு, யூலை மாதத்தில் பங்கீட்டு முறை வந்தபோது, வன்னி மக்கள் மீண்டும் சைக்கிளைத் தட்டியெடுத்தனர். அவர்களுக்கு அது புதுப்பாடமன்று. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பவும் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜனாதிபதி செயலகத்துக்குரிய சொகுசு வாகனங்கள் ஏலத்தில் விடப்பட்டன. ஏலத்தில் போன வண்டி வீதியைவிட்டுப் போய்விடுவதில்லை, கை மாறுகின்றது. வரியோடு கோடிக்கணக்கில் விலையாகும் புதிய வண்டிகளும் வருகின்றன. லொறிக் கிளீனரின் வேலைக்கு இன்றும் அதே பழைய நிலைதான்.

வைகாசிப் பொங்கலன்று முள்ளியவளைக்கு வருவோர் இவை எல்லாவற்றையும் ஒரே இரவில் பார்க்கலாம். காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிந்து, மடைப்பண்டம் வற்றாப்பளைக்குப் புறப்படும் வேளையில் வீதியெங்கும் மனிதர்கள். நடந்து வருவோர், சைக்கிளில் வருவோர், உழவு இயந்திரப் பெட்டியில் வருவோர். நடுவே எங்கிருந்தோ வந்த பெரிய ஜீப் ஒன்று அகப்பட்டுக்கொள்ளும். நாற்புறமும் ஆட்கள் நிற்பதால் உணரிகள் எல்லாம் ஒருங்கே கத்தும். எந்தப் பக்கம் யார் என்று அதற்குத் தெரியாது. அதை நிறுத்துவதற்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். சாரதி அதை அழுத்துவார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டுவார். கூட்டத்திலிருந்து முன்பின் அறியாத யாரோ ஒரு பொடியன் வண்டிக்குப் பின்னால் போய் நின்று, பலகையில்லாத அந்தப் பளபளப்பான தகரத்தில் கையால் தட்டி, 'வரட்டும்… வரட்டும்…' என்று தொடங்குவான்.